உப்பங்கழியில் வழிகாட்டியோடு தூண்டில்: கடலூர், புதுச்சேரி பக்கம் வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் முதுநகரிலிருந்து நானும் என் சித்தப்பாவும் ஒரு சின்ன ஃபைபர் படகில் ஆட்களை உப்பங்கழிக்குத் தூண்டில் போட அழைத்துப் போகிறோம். படகு ஓட்டுவது, கழி (நீளக் கம்பு) ஊன்றிப் படகைத் தள்ளுவது, மீன் எங்கே நிற்கும் என்று சொல்வது எல்லாம் சித்தப்பா. ராடு, ரீல், முள், வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. போனில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். சில கேள்விக்கு ஒரு வரி போதும். சிலதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகத்தான் பேச வேண்டும்.

இது என்ன மாதிரி மீன்பிடிப்பு? ஆழ்கடலுக்குப் போவோமா?

போக மாட்டோம். ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பின்னால் உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலந்து கிடக்கும் கழிகள், சேற்றுத் திட்டுகள், கண்டல் (அலையாத்தி) மரங்கள் ஓரத்து வாய்க்கால்கள், இவைதான் நம் இடம். முழங்காலிலிருந்து மார்பளவு வரை தண்ணீர் இருக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு, சித்தப்பா பின்னால் நின்று கழி ஊன்றிப் படகைச் சத்தமில்லாமல் நகர்த்துவார். நீங்கள் முன்னால் நின்று, அவர் காட்டும் இடத்தில் இரையைப் போட வேண்டும். ஒரு படகில் இரண்டு பேர்தான் தூண்டில் போடலாம். மூன்றாவது ஆள் வந்தால் உட்கார்ந்து பார்க்கலாம்.

ஃப்ளோரிடா, பஹாமாஸ் வீடியோக்களில் பார்ப்பது மாதிரியேவா?

அதே குடும்பம்தான், ஆனால் தண்ணீர் வேறு. ஃப்ளோரிடா கீஸ் தீவுகளிலும் பஹாமாஸிலும் வெள்ளை மணலும் கடற்புல்லும் உள்ள பரந்த ஆழமில்லாத பரப்புகள் உண்டு. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருப்பதால் மீனைக் கண்ணால் பார்த்து, அதன் முன்னால் இரையைப் போடுவார்கள். போன்ஃபிஷ், பெர்மிட், டார்ப்பன் மூன்றும் அங்கே பேர் பெற்றவை. ஒரே நாளில் மூன்றையும் பிடித்தால் அதற்குக் கிராண்ட் ஸ்லாம் என்று பெயர். படகின் பின்புறம் இன்ஜினுக்கு மேலே ஒரு மேடை இருக்கும். வழிகாட்டி அதில் ஏறி நின்று நீளக் கழியால் படகைத் தள்ளிக்கொண்டே, "பதினோரு மணி, நாற்பது அடி" என்பது போலக் குரல் கொடுப்பார். படகின் மூக்குதான் பன்னிரண்டு மணி. அதை வைத்துத் திசை சொல்வது அவர்கள் வழக்கம்.

நம் கழியின் அடியில் சேறு. வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் டீ நிறத்தில்தான் இருக்கும். அதனால் இங்கே மீனைப் பார்ப்பதைவிட மீனின் அடையாளத்தைப் பார்ப்பதுதான் அதிகம். மடவைக் கூட்டம் திடீரென்று ஒரு பக்கமாகத் துள்ளிச் சிதறினால் கீழே ஏதோ துரத்துகிறது. காற்றே இல்லாத இடத்தில் தண்ணீர் மட்டும் நடுங்கினால் அங்கே கூட்டம் நகர்கிறது. கண்டல் வேருக்கடியிலிருந்து "டபக்" என்று கதவு சாத்தினாற்போல ஒரு சத்தம் வந்தால் அது கொடுவா இரையை உறிஞ்சிய சத்தம். இதையெல்லாம் சித்தப்பா சின்ன வயதிலிருந்து பார்த்தும் கேட்டும் வளர்ந்தவர்.

திசை சொல்வதிலும் அவருக்கு அவர் பழக்கம். வாடைப் பக்கம் என்றால் வடக்கு, சோழகப் பக்கம் என்றால் தெற்கு, கொண்டல் என்றால் கிழக்கு. காற்றின் பெயர்தான் திசையின் பெயர். முதல் வருஷம் வந்தவர்கள் திகைத்து நின்றதால், நான் அவருக்கு அந்தக் கடிகாரக் கணக்கைச் சொன்னேன். இப்போது இரண்டையும் கலந்து சொல்வார். நீங்களும் இரண்டையும் தெரிந்துகொண்டு வந்தால் நல்லது.

அப்புறம் ஒரு தகவல். டார்ப்பனுக்கு நம் கழிமுகங்களிலும் ஒரு சின்ன உறவு உண்டு. அதே வெள்ளிச் செதில், அதே மேல்நோக்கிய வாய், அதே மாதிரி மேலே வந்து காற்றை விழுங்கும் பழக்கம். ஃப்ளோரிடா மீன் ஆள் உயரம் வளரும். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் முழங்கை நீளம்தான். ஆனால் முள் பட்டவுடன் அது துள்ளும் துள்ளலைப் பார்த்தால் அளவு மறந்துபோகும்.

எந்த இடங்களுக்குப் போவீர்கள்?

பெண்ணையாறு கடலில் சேரும் தாழங்குடா பக்கம், பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரம், கிள்ளைக்கு வெளிப்புறக் கழிகள். இந்த மூன்றும்தான் அதிகம். புதுச்சேரியில் தங்குபவர்களை அரியாங்குப்பம் ஆற்றுப் பக்கம் அங்குள்ள படகுக்காரர் ஒருவரோடு அனுப்பி வைப்போம். செஞ்சியிலிருந்து வரும் சங்கராபரணி கடலுக்கு அருகே பிரிந்து ஒரு கிளை அரியாங்குப்பம் ஆறாகவும் இன்னொன்று சுண்ணாம்பாறாகவும் போகிறது. அரியாங்குப்பம் கிளையின் கரையில்தான் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமாபுரியோடு வணிகம் நடந்த ஊர் என்று உலகத்துக்குக் காட்டிய இடம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் மரக்கலங்கள் வந்த அதே வாய்க்காலில் மடவை துள்ளுவதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும்.

முதுநகர் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் உப்பனாற்றில் ஏன் போடுவதில்லை என்று உள்ளூர்க்காரர்களே கேட்பார்கள். படகு கிளம்புவது அங்கிருந்துதான். சில இடங்களில் தொழிற்சாலைக் கழிவு கலந்து கெட்டுப்போன வரலாறு அந்த ஆற்றுக்கு உண்டு. அங்கே பிடித்த மீனை என் வீட்டில் சமைக்க எனக்கு மனம் வராது. என் வீட்டுக்கு ஆகாததை உங்கள் வீட்டுக்குக் கொடுக்க மாட்டேன்.

பிச்சாவரம் காட்டுக்குள்ளே போய்த் தூண்டில் போடலாமா?

கூடாது. பிச்சாவரம் வனத்துறையின் காப்புக்காடு. 2022இல் ராம்சார் ஈரநிலமாகவும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாகவும், அறிவிக்கப்பட்டது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பு. காட்டைப் பார்க்க ஆசை என்றால் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகில் போங்கள். கட்டாயம் போங்கள். சுரபுன்னையின் தாங்கு வேர்களும், சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் கண்டலின் மூச்சு வேர்களும், சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த அந்தத் தில்லை மரமும் அங்கேதான் இருக்கின்றன. தில்லையின் பாலில் மட்டும் கவனம், கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு.

நாம் வெளியே பிடிக்கிற கொடுவாவும் செப்பிலியும் குஞ்சாக இருந்தபோது ஒளிந்து வளர்ந்தது அந்த வேர்களுக்கு நடுவில்தான். அங்கே தூண்டில் போடுவது நாற்றங்காலில் கதிர் அறுக்கப் போவது மாதிரி.

காட்டோரக் கழிகளில் இருளர் மக்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையாலேயே சேற்றைத் தடவி இறால் பிடிப்பதைப் பார்ப்பீர்கள். அது அவர்களின் பிழைப்பு. அனுமதி கேட்காமல் கேமராவை நீட்டாதீர்கள். அவர்கள் இறங்கியிருக்கும் பக்கம் நாங்கள் படகைக் கொண்டுபோக மாட்டோம்.

என்னென்ன மீன் கிடைக்கும்?

எல்லோரும் கேட்டு வருவது கொடுவா. ஒரு கிலோ, ரெண்டு கிலோ அளவில் அடிக்கடி பார்க்கலாம். பெரியது எப்போதாவது. கொடுவா ஒளிந்து நின்று அடிக்கும் மீன். வாய்க்கால் வாயில், விழுந்த மரத்தடியில், பாலத்தூண் நிழலில் அசையாமல் நிற்கும். இரை மூக்குக்கு முன்னால் வந்தால் வாயைத் திறக்கும். நாலு அடி தள்ளிப் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால்தான் வீசுகிற தூரத்தைவிட வீசுகிற இடம் முக்கியம் என்று கத்திக்கொண்டே இருக்கிறோம்.

செப்பிலி வேருக்குள் வாழும் முரட்டு மீன். இரையைக் கவ்விய நொடியே திரும்பி வேருக்குள் ஓடிவிடும். முதல் இரண்டு நொடியில் நீங்கள் இழுக்கவில்லை என்றால் நரம்பு (தூண்டில் நூல்) அறுந்ததுதான் மிச்சம். முகத்துவாரத்தில் தண்ணீர் தெளிந்த நாட்களில் பாரை கூட்டமாக உள்ளே வரும். காலா மீனும் வரும், அது கையில் கிடைத்தால் அதன் மோவாய்க்குக் கீழே நூல் நூலாகத் தொங்கும் இழைகளைப் பாருங்கள். கலங்கிய தண்ணீரில் அந்த இழைகளால் தடவித்தான் இரை தேடுகிறது. மணல் திட்டு ஓரங்களில் கிழங்கானும் ஊடானும் கிடைக்கும். சின்னப் பிள்ளைகளுக்கும் முதல்முறை வருபவர்களுக்கும் அதுதான் சரியான தொடக்கம். கெளுத்தி கேட்காமலே வரும்.

மடவை ஆயிரக்கணக்கில் துள்ளுமே, அதைப் பிடிக்கக் கூடாதா என்று கேட்பார்கள். அது சேற்றிலிருக்கும் பாசியையும் மக்கையும் தின்னும் மீன், தூண்டிலுக்கு லேசில் வராது. அதற்கு வீச்சு வலைதான்.

ஏன் ஒவ்வொரு நாளும் வேறு வேறு நேரம் சொல்கிறீர்கள்? ஒருநாள் காலை நாலு மணி, இன்னொரு நாள் பத்து மணி?

இது நியாயமான கேள்வி. ஏனென்றால் ஊரிலிருந்து பஸ் பிடித்து வருபவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல்.

எல்லாம் ஓதத்தைப் பொறுத்தது, அதாவது கடல் தண்ணீர் ஏறி வற்றுவதை. நம் கரையில் ஒரு நாளைக்குச் சுமாராக இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் அது ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் பலமாக இருக்கும், அஷ்டமியை ஒட்டி மந்தமாக இருக்கும். தினசரிக் காலண்டரில் திதியைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதிக்கு ஓத அட்டவணை இருக்கிறது. அதுவும் கடலோரத்துக்குத்தான் சரி. முகத்துவாரத்தில் ஏறத் தொடங்கிய தண்ணீர் உள்ளே ஒரு வாய்க்காலுக்கு வந்து சேர இன்னும் நேரம் பிடிக்கும். எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு நேரம் என்பது சித்தப்பா தலையில் இருக்கிறது, எந்த அட்டவணையிலும் இல்லை.

குஜராத்தில் காம்பே வளைகுடாவில் தண்ணீர் பத்து மீட்டர் வரை ஏறி இறங்கும். நமக்கு நல்ல ஓத நாளில்கூட ஒரு மீட்டரைச் சுற்றித்தான். ஒரு மீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். சேற்றுத் திட்டு தாம்பாளம் மாதிரித் தட்டையாக இருப்பதால், ஒரு சாண் தண்ணீர் ஏறினாலே வயல் வயலாக நிலம் மூழ்கும். அப்படி மூழ்கும்போது நண்டும் இறாலும் வளையை விட்டு வெளியே வரும், மடவை மேலே ஏறும், அதன் பின்னாலேயே பெரிய மீன் வரும். வற்றும்போது அத்தனை இரையும் ஒரு சின்ன வாய்க்கால் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கொடுவா அந்த வாயில் காத்துக்கொண்டு நிற்கும். வற்றத்தின் கடைசி ஒன்றரை மணி நேரம், அப்புறம் ஏற்றத்தின் முதல் ஒரு மணி நேரம், எங்கள் அனுபவத்தில் இதுதான் தங்கமான நேரம். தண்ணீர் அசையாமல் நிற்கும் இடைவேளையில் டீ குடிக்கலாம்.

ஒரு முறை, "இன்னும் பத்து நிமிஷம், இன்னும் பத்து நிமிஷம்" என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மீன் அடித்துக்கொண்டிருந்ததால் எனக்கும் கிளம்ப மனமில்லை. சித்தப்பா இரண்டு முறை சொன்னார், மூன்றாம் முறை சொல்லவில்லை. தண்ணீர் வற்றிப் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. மறுபடியும் தண்ணீர் ஏறிப் படகு மிதக்கும்வரை கொளுத்தும் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். அன்றிலிருந்து கிளம்பும் நேரத்தைச் சித்தப்பா சொன்னால் அதில் பேச்சே இல்லை.

எந்த மாதங்கள் நல்லது?

தை பிறந்து மழைத் தண்ணீர் வடிந்த பிறகு கழி மெல்லத் தெளியும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நான் முதலில் சொல்லும் காலம். மே மாத வெயிலில் ஆழமில்லாத தண்ணீர் கொதிக்கும், விடியற்காலை மட்டும் போகலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை காலை நேரம் நன்றாக இருக்கும், மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிடும். முதல் மழைக்குப் பின் புதுத்தண்ணீர் இறங்கும் ஒன்றிரண்டு வாரம் கொடுவாவுக்குப் பித்துப் பிடித்த மாதிரி இருக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வானிலையை நம்பி உங்களுக்குத் தேதி கொடுக்க முடியாது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் இந்தக் கரையில்தான் ஏறியது, 2020இல் நிவர், 2024இல் ஃபெஞ்சல். எச்சரிக்கைக் கொடி ஏறினால் பயணம் ரத்து. கழிதானே, கடல் இல்லையே என்று வாதம் செய்ய வேண்டாம்.

மீன்பிடித் தடைக்காலத்தில் போகலாமா?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அது கடலில் விசைப்படகுகளுக்கு உள்ள தடை. உப்பங்கழியில் கம்பு ஊன்றிப் போய்ப் போடும் தூண்டிலை அது நேராகத் தொடுவதில்லை. இருந்தாலும் அந்த இரண்டு மாதம் பெரும்பாலான மீனை விட்டுவிடுகிறோம். ஊரே வலையைக் கரையில் காயவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, பொழுதுபோக்குக்கு வந்தவர் கூடை நிறைய மீனோடு கரை ஏறுவது அழகில்லை.

வழிகாட்டி எதற்கு? நானே கரையில் நின்று போடக் கூடாதா?

தாராளமாகப் போடலாம். நான் பன்னிரண்டு வயதில் அப்படித்தான் தொடங்கினேன். பாலத்தடியில், கல் கட்டின் மேல், கையில் தங்கூசி நரம்பைச் சுற்றிக்கொண்டு. அதில் கிடைக்கும் சந்தோஷமே தனி.

ஆனால் கழி கரையிலிருந்து பார்க்கும்போது ஒரே தண்ணீராகத் தெரியும். அதற்குள்ளே பள்ளம், மேடு, பழைய ஆற்றுத் தடம், முறிந்த வலைக்கம்பு, போன வெள்ளத்தில் நகர்ந்த மணல் திட்டு என்று ஒரு ஊரே இருக்கிறது. முகத்துவாரம் ஒவ்வொரு மழைக்கும் வாயை மாற்றிக்கொள்ளும். சித்தப்பா கழியை ஊன்றும்போது, அது இறங்கும் விதத்திலேயே கீழே களியா, மணலா, கிளிஞ்சலா என்று சொல்லிவிடுவார். கிளிஞ்சல் கிடந்தால் "இங்க நில்லு" என்பார். ஒருநாள் வந்த இளைஞர் மீன் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். நல்ல கருவிதான். ஆனால் இரண்டு அடித் தண்ணீரில் அதற்குப் பெரிதாக வேலை இல்லை. மதியத்துக்குள் அதை அணைத்துவிட்டு, "அண்ணே, அடுத்தது எங்கே?" என்று சித்தப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் உண்டு. தூண்டில் சுற்றுலா என்று இந்த ஊருக்கு வரும் பணம், இந்தத் தண்ணீரைத் தெரிந்தவர் கைக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எங்களோடு வராவிட்டாலும் பரவாயில்லை, பரங்கிப்பேட்டையிலோ கிள்ளையிலோ ஒரு உள்ளூர்ப் படகுக்காரரைக் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவரா, உயிர்காப்பு ஜாக்கெட் இருக்கிறதா, படகுக்குப் பதிவு எண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ராடு, ரீல் நானே கொண்டு வரணுமா?

இருந்தால் கொண்டு வாருங்கள், கைப்பழக்கம் உதவும். ஏழடி ராடு, 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், 20 முதல் 30 பவுண்டு பின்னல் நூல், நுனியில் ஒரு பாகம் (இரு கையையும் விரித்த) நீளத்துக்கு 40 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு. கொடுவாவின் வாய் உப்புத்தாள் மாதிரி இருக்கும், செவுள் மூடி பிளேடு மாதிரி இருக்கும். நுனி நரம்பு மெல்லியதாக இருந்தால் தேய்ந்து அறுந்துவிடும். இல்லாதவர்களுக்கு எங்களிடம் இருக்கிறது.

இரைக்கு உயிர் இறால்தான் ராஜா. அதைச் சர்க்கிள் ஹூக் என்ற, நுனி உள்பக்கம் வளைந்த முள்ளில் கோர்ப்போம். அந்த முள் தொண்டைக்குள் போகாமல் வாயோரத்தில் மாட்டும், விடும்போது மீன் பிழைக்கும். ரப்பர் மீன், தண்ணீர் மேலே சத்தமெழுப்பும் பாப்பர் போன்ற போலி இரை எல்லாம் போடலாம். மூன்று கொக்கி முள் உள்ளதாக இருந்தால் படகில் ஏறும் முன்பே குறடால் கொக்கியின் மீள்முள்ளை நசுக்கிவிடுவேன். மீனுக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் நிற்பவர் காதுக்கும் அதுதான் நல்லது.

ஃப்ளை ராடு (எடையில்லாத போலிப் பூச்சி இரையை வீசும் ராடு) கொண்டு வருபவர்கள் வருஷத்துக்கு நாலைந்து பேர்தான். எட்டாம் எண் ராடு போதும். காற்று எழும்பும் முன் விடியலிலேயே போட்டுவிட வேண்டும்.

என்ன உடுத்தி வரணும்?

முழுக்கை பருத்திச் சட்டை, வெளிறிய நிறம். தொப்பி. போலரைஸ்டு கண்ணாடி இருந்தால் தண்ணீரின் பளபளப்பு போய் அடி கொஞ்சம் தெரியும். வந்தவர்களில் பாதிப் பேர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்த பிறகுதான் தண்ணீருக்குள் ஏதோ இருக்கிறது என்றே நம்பினார்கள். பழைய கேன்வாஸ் ஷூ போட்டு வாருங்கள், செருப்பைச் சேறு இழுத்துக்கொள்ளும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். மது அருந்தியவரைப் படகில் ஏற்றுவதில்லை.

எனக்கு நீச்சல் தெரியாது. குழந்தைகளை அழைத்து வரலாமா?

வரலாம். கரையிலிருந்து கரை வரை எல்லோருக்கும் ஜாக்கெட் உண்டு, நீச்சல் தெரிந்தவருக்கும்தான். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பெண்கள் நிறையப் பேர் வருகிறார்கள். கரைக்கு வந்து கழிப்பறை போகும் வசதியை முன்னமே திட்டமிட்டுக்கொள்வோம், தயங்காமல் சொல்லுங்கள். கடலில் ஏதாவது ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554, கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093. இந்த இரண்டும் படகிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

முள் குத்தினால் என்ன செய்வது?

சேற்றில் இறங்கி நடந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நகருங்கள். திருக்கை சேற்றில் புதைந்து படுத்திருக்கும். மிதித்தால் வாலால் அடிக்கும், கால் பட்டு அசைந்தால் தானே விலகிப் போய்விடும். கெளுத்தியின் முதுகு முள்ளிலும் பக்க முள்ளிலும் விஷம் உண்டு, ஓரா மீனின் முள்ளிலும் உண்டு. கையால் தொடாதீர்கள், நாங்கள் கழற்றித் தருகிறோம். குத்திவிட்டால், தோல் தாங்கும் அளவு சூடான வெந்நீரில் அந்த இடத்தை வைத்திருந்தால் வலி குறையும். அதற்கென்றே ஃபிளாஸ்கில் வெந்நீர் எடுத்து வருகிறோம். நல்ல தண்ணீர் சேர்த்துச் சூட்டைச் சரிபார்த்த பிறகே காலை வைக்க வேண்டும். அப்புறம் மருத்துவமனை. முள் முறிந்து உள்ளே இருக்கலாம், டிடி ஊசியும் போட வேண்டியிருக்கலாம், அதனால் வலி போய்விட்டது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

பிடித்த மீனை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?

போகலாம், ஒரு கணக்கோடு. ஆளுக்கு ஒரு வேளைக் குழம்புக்கு. கிழங்கான், பாரை, நடுத்தர அளவில் ஒரு கொடுவா. சின்னது என்றால் விட்டுவிட வேண்டும், அதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். பெரிய கொடுவாவையும் விட வேண்டும் என்று சொன்னால்தான் முகம் மாறுகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் முதலில் பருவத்துக்கு வருகிறது. சில வருஷம் ஆணாக இருந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறுகிறது. அதாவது கழியில் நீங்கள் பார்க்கும் பெரிய கொடுவா ஏறக்குறைய எல்லாமே பெண். அது முட்டையிட முகத்துவாரத்து உப்புத் தண்ணீருக்கு இறங்கும், குஞ்சுகள் மறுபடி கண்டலுக்குள் ஏறி வரும். ஒரு பெரிய தாய் மீன் ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டை போடும். அந்த அளவுக்கு வளர்ந்து தப்பிப் பிழைத்த மீன் ஒரு கழியில் எத்தனை இருக்கும்?

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. ஒரு ஐப்பசித் தொடக்கத்தில், வெள்ளாற்றுப் பக்கம், எனக்கு ஒன்பது கிலோ கொடுவா ஒன்று கிடைத்தது. என் வாழ்க்கையிலேயே பெரியது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. தெருவெல்லாம் காட்டிக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா வயிற்றைக் கீறியபோது இரண்டு பக்கமும் மஞ்சள் சினை, முழங்கை நீளத்துக்கு. அம்மா அரிவாள்மணையை வைத்துவிட்டு, "இத ஏண்டா புடிச்ச?" என்றாள். அவ்வளவுதான். அந்த வருஷமே விடுவது என்று முடிவு செய்தோம். படகில் ஒரு அளவுகோல் ஒட்டியிருக்கிறது. அதில் சிவப்புக் கோட்டைத் தாண்டிய கொடுவாவைப் போட்டோ எடுத்துவிட்டு விடுவோம்.

ஃப்ளோரிடாவிலும் 2013இலிருந்து போன்ஃபிஷ்ஷைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்த ஒரு மீனை நம்பி எத்தனை படகுக்காரர்கள் வாழ்கிறார்கள் என்று அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இங்கே கொடுவாவை நம்பியிருப்பது வழிகாட்டிகள் மட்டும் இல்லை. ஒரு வீச்சு வலையோடு கழியில் இறங்கும் ஒவ்வொரு குடும்பமும்தான்.

விட்டால் செத்துத்தானே போகும்?

சரியாக விட்டால் போகாது. கையை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும். மீனைச் சூடான படகுத் தரையில் போடாதீர்கள். முடிந்தால் தண்ணீரில் வைத்தே முள்ளைக் கழற்றுவோம். போட்டோவுக்குத் தூக்கினால் ஒரு கை வயிற்றுக்கடியில் இருக்க வேண்டும். நீங்கள் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள், உங்களுக்கு மூச்சு முட்டும் முன்பே மீன் தண்ணீருக்குள் போய்விட வேண்டும். அப்புறம் நீரோட்டத்துக்கு எதிராகத் தலையை வைத்துப் பிடித்திருங்கள். செவுள் திறந்து மூடும். வால் ஒரு உதறு உதறும். அதுவாகப் போகும்வரை கையை எடுக்க வேண்டாம். மே மாத மதியத்தில் தண்ணீர் சூடாகி, அதில் கரைந்திருக்கும் காற்று குறைந்திருக்கும், அப்போது விட்ட மீனும் பிழைப்பது கடினம். அதனால்தான் அந்த நேரத்துக்குப் பயணமே வைப்பதில்லை.

ஆமை, கடல் குதிரை போன்றவை தவறி மாட்டினால் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. போட்டோகூட வேண்டாம், உடனே விட வேண்டும். ஜனவரி முதல் பங்குனி வரை பங்குனி ஆமை முட்டையிட இந்தக் கரைக்கு வரும் காலம்.

மீனே கிடைக்கவில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. நாலு பயணத்தில் ஒன்றில் சொல்லும்படி ஒன்றும் மாட்டாது என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுப்பது படகுக்கும், எரிபொருளுக்கும், அரை நாள் கழி ஊன்றும் உழைப்புக்கும். வானிலையால் நாங்களே ரத்து செய்தால் முழுப் பணமும் வரும்.

மற்றவர்கள் வலை போட்டிருக்கும் இடத்தில் என்ன செய்வது?

தூரமாகப் போய்விடுவோம். கழியில் நிற்கும் ஒவ்வொரு கம்புக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. எந்த ஊர்க் கழியில் யார் எப்போது இறங்கலாம் என்பதை அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்து முடிவு செய்யும், அது எழுதப்படாவிட்டாலும் சட்டம்தான். கரையில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு ஏறுங்கள். உங்கள் முள் யார் வலையிலாவது மாட்டினால் இழுக்காதீர்கள். நரம்பை அறுத்துவிடுங்கள், முள்ளை நான் போய் எடுத்துக்கொள்கிறேன். அறுந்த நரம்பைத் தண்ணீரில் போடாமல் படகில் இருக்கும் டப்பாவில் போடுங்கள். நாரையின் காலில் அது சுற்றிக்கொண்டதை ஒருமுறை அவிழ்த்திருக்கிறேன்.

பதிவு செய்ய என்ன சொல்ல வேண்டும்?

தேதி மட்டும் சொல்லுங்கள், நேரத்தை நாங்கள் சொல்கிறோம். எத்தனை பேர், சின்னவர்கள் உண்டா, இதற்குமுன் தூண்டில் பிடித்ததுண்டா, யாருக்காவது வெயில் ஒத்துக்கொள்ளாதா, தினமும் சாப்பிடும் மாத்திரை ஏதாவது உண்டா என்பதையும் சொல்லுங்கள். ஆதார் அட்டை கையில் இருக்கட்டும், கடலோரப் போலீஸ் கேட்பார்கள். புதுச்சேரியிலிருந்து கடலூர் சுமார் 25 கிலோமீட்டர்தான் என்றாலும், விடியற்காலைப் பயணம் என்றால் முதல் நாள் இரவே இங்கே வந்து தங்கிவிடுவது நல்லது. இட்லி, சட்னி, மீன் குழம்பு வீட்டிலிருந்து வரும். சைவம் என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அம்மா தக்காளி சாதம் கட்டித் தருவார்.